சுவருக்குள்ளே என்ன இருக்கு?

சிகாகோ நகரத்தோட வெப்பநிலைப் பதிவேட்டுல ரெண்டு தேதி. 1985 ஜனவரி 20: மைனஸ் 33 டிகிரி. 1995 ஜூலை 13: மிட்வே விமான நிலையத்துல அளந்தது, 41 டிகிரி. ரெண்டுமே செல்சியஸ் தாங்க. பத்தரை வருஷ இடைவெளியில ஒரே ஊர்ல 74 டிகிரி வித்தியாசம். அந்த ஊர்ல நூறு வருஷத்துக்கு முன்னால கட்டின மரவீடுகள் இந்த ரெண்டு நாளையும் நின்ன இடத்துலயே நின்னு பார்த்திருக்கு.

அந்த வீட்டுச் சுவரை உடைச்சுப் பார்த்தா உள்ளே என்ன இருக்கும்? பெரும்பாலும் ஒண்ணுமே இருக்காது. வெறும் காத்து. அந்த ஒண்ணுமில்லாத இடத்தை எதை வெச்சு அடைக்கலாம்னு அமெரிக்கர்கள் நூறு வருஷத்துக்கு மேல மண்டையை உடைச்சுக்கிட்ட கதைதான் இன்னைக்கு. இன்சுலேஷன்னு சொன்னாலே கொட்டாவி வரும், தெரியும். ஆனா இதுல கடற்புல் இருக்கு, பஞ்சுமிட்டாய் இருக்கு, அரபு நாட்டு எண்ணெய் இருக்கு, ஒரு ஊரையே நோயாளி ஆக்கின மூட்டை இருக்கு. நம்ம மெட்ராஸ் ஐஸ் ஹவுஸ்கூட நடுவுல தலை காட்டும். கொஞ்சம் நீளமான பதிவு, டீயை எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

பலூன் வீடு

1830களுக்கு முன்னால அங்கே மரவீடுன்னா பெரிய பெரிய உத்திரங்களைச் செதுக்கி, ஒண்ணோட ஒண்ணு பொருந்துற மாதிரி வாய் வெட்டி, தேர்ந்த தச்சர்கள் கட்டணும். சிகாகோ வளர்ந்த வேகத்துக்கு அது சரிப்பட்டு வரலை. அதே சமயம் மரம் அறுக்கிற மில்கள் பெருகின. மிஷின்ல வெட்டின ஆணி மலிவாச்சு. அதனால ஒரு புது முறை வந்தது. ரெண்டுக்கு நாலு இஞ்ச் சட்டங்களை 16 இஞ்சுக்கு ஒண்ணா நிறுத்தி, வெளியே பலகை அடி, உள்ளே ரீப்பர் அடிச்சு அது மேல சுண்ணாம்பு பூசு. வேலை முடிஞ்சது. இதுக்குப் பேர் பலூன் ஃப்ரேம். காத்தடிச்சா பறந்துடும்னு பழைய தச்சர்கள் கிண்டல் பண்ணினதுல வந்த பேருன்னு ஒரு கதை உண்டு. பறக்கலை. நாட்டோட மத்தியப் பகுதி முழுக்க இந்த வீடுகள்தான் பரவிச்சு.

இதோட உடற்கூறு ஒண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும். வெளிப் பலகைக்கும் உள் சுண்ணாம்புக்கும் நடுவுல சுமார் நாலு இஞ்ச் இடைவெளி. சட்டங்கள் நிலவறையிலிருந்து கூரை வரைக்கும் ஒரே நீளமா போறதால, இந்த இடைவெளியும் தடையில்லாம கீழேயிருந்து மேலே பரண் வரைக்கும் போகும். (பரண்ணா நம்ம வீட்டு லாஃப்ட் இல்ல, சாய்வுக் கூரைக்கு அடியில ஆள் நுழையற அளவுக்கு இருக்கிற அட்டிக்.) அதாவது ஒவ்வொரு சுவரும் ஒரு புகைபோக்கி. நிலவறையில தீப்பிடிச்சா கொஞ்ச நேரத்துல கூரைக்குப் போயிடும். தீ இல்லாத நாள்லயும் சூடான காத்து அதே வழியில ஏறி வெளியே போயிடும்.

அப்புறம் எப்படிக் குளிர்காலத்தைத் தள்ளினாங்க? வீட்டைச் சூடாக்கலை, ஒரு அறையைச் சூடாக்கினாங்க. நடுவுல கரி அடுப்பு, அதைச் சுத்திக் குடும்பம். மத்த அறையில கூஜாத் தண்ணி உறைஞ்சு கிடக்கும். இலையுதிர் காலத்துல வீட்டு அடிச்சுவரைச் சுத்தி வைக்கோலும் சருகும் குவிச்சு வைப்பாங்க. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி ஜன்னலை மாட்டி, வசந்தம் வந்ததும் கழட்டிடுவாங்க. சுவர் இடுக்குல பழைய பேப்பரைத் திணிக்கிறதும் உண்டு. இப்போ பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவங்க உள்ளேயிருந்து நூறு வருஷப் பழைய செய்தித்தாளை எடுத்துப் படிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறதும் சகஜம் :-)

இந்த ஓட்டை வீட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஈரம் தங்காது. மழைத்தண்ணி உள்ளே போனாலும் சரி, சமையல் ஆவி சுவருக்குள்ள புகுந்தாலும் சரி, வீணாப் போற சூடும் ஓடுற காத்தும் சேர்ந்து காய வெச்சுடும். கரி எரிச்ச காசு வீட்டை மட்டும் சூடாக்கலை, சுவரையும் உலர்த்திக்கிட்டே இருந்தது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யலை. அதனால இதைப் பறிக்கும்போதும் யாருக்கும் தெரியலை.

ஐஸுக்குச் செஞ்சதை வீட்டுக்குச் செய்யலை

சூட்டைத் தடுக்கிற வித்தை அவங்களுக்குத் தெரியாதுன்னு நினைச்சுடாதீங்க. 1833 மே மாசம் பாஸ்டன்ல இருந்து டஸ்கனின்னு ஒரு கப்பல் 180 டன் ஐஸ் ஏத்திக்கிட்டுக் கிளம்பிச்சு. அனுப்பினவர் ஃப்ரெடரிக் டியூடர், "ஐஸ் ராஜா"ன்னு பட்டப்பேர். குளத்துல உறைஞ்ச பனிக்கட்டியை வெட்டி, நாலு மாசம் கடல்ல, பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டி, செப்டம்பர்ல கல்கத்தா போய்ச் சேர்ந்தப்போ சுமார் 100 டன் கரையாம இருந்தது. அவரோட ஐஸ் வியாபாரத்துக்காக 1842 வாக்குல மெட்ராஸ் கடற்கரையில எழும்பின கட்டடம்தான் ஐஸ் ஹவுஸ். 1893ல சிகாகோவில பேசிட்டு ஊர் திரும்பின விவேகானந்தர் 1897 பிப்ரவரியில தங்கினதும் அதுலதான்.

இந்த ஐஸைக் காப்பாத்தினது மரத்தூள். அறுவை மில்கள்ல மலை மாதிரி குவிஞ்சு கிடந்த குப்பை. அமெரிக்காவில ஐஸ் சேமிச்சு வெச்ச கிடங்குகளுக்கு இரட்டைச் சுவர் வெச்சு, நடுவுல மரத்தூளைக் கொட்டினாங்க. தத்துவம் ரொம்ப எளிசு: அசையாத காத்து சூட்டைச் சீக்கிரம் கடத்தாது. தூளோ பஞ்சோ தானா எதையும் தடுக்கிறதில்ல. காத்தைச் சின்னச் சின்ன அறையில அடைச்சு அசையவிடாம வைக்குது, அவ்வளவுதான். பலூன் வீட்டுச் சுவருக்குள்ளயும் காத்து இருந்ததே, ஏன் பலன் இல்ல? அது அடைபட்ட காத்து இல்ல, ஓடுற காத்து.

அப்போ மனுஷன் தூங்குற சுவரை ஏன் விட்டுவெச்சாங்க? முதல் காரணம், கரியும் விறகும் மலிவு. ரெண்டாவது, மரத்தூள் காலப்போக்குல கீழே உட்கார்ந்துடும், ஈரம் பட்டா மக்கிடும், எலி குடியேறும், தீப்பொறி பட்டா அவ்வளவுதான். ஐஸ் கிடங்குல தூளை மாத்திக்கலாம். சுண்ணாம்பு பூசின சுவருக்குள்ள கைவிட்டு மாத்த முடியுமா?

கடற்புல், பாறை, கண்ணாடி

அடுத்த அறுபது எழுபது வருஷம் "மக்காத, எரியாத, எலி தின்னாத மரத்தூள்" ஒண்ணைத் தேடின கதைதான்.

முதல்ல கடல் கொடுத்தது. பாஸ்டன் பக்கம் டார்செஸ்டர்ல, 1683 வாக்குல கட்டின பியர்ஸ் வீட்டுச் சுவருக்குள்ளயே காய்ஞ்ச கடற்புல் கிடைச்சிருக்கு. அதே ஊர்க்காரர் சாமுவேல் கேபட் 1890கள்ல இந்தப் புல்லை ரெண்டு காகிதத்துக்கு நடுவுல வெச்சு, மெத்தை மாதிரி தைச்சுச் சுருள் சுருளா வித்தார். உப்பு ஏறின புல்லுங்கிறதால லேசுல மக்காது, சீக்கிரம் எரியவும் செய்யாது. அண்டார்டிகாவில 1911ல ஸ்காட் குழு கட்டின குடிலுக்கும் தைச்ச கடற்பாசி மெத்தைதான் காப்பு. ஆனா 1930களோட தொடக்கத்துல அட்லாண்டிக் கரையோரக் கடற்புல்லை ஒரு நோய் தாக்கி, பெரும்பகுதி அழிஞ்சு போச்சு.

அடுத்து பாறை. சிகாகோவுக்குப் பக்கத்து மாநிலமான இண்டியானாவில, அலெக்சாண்ட்ரியாங்கிற சின்ன ஊர். 1897ல சார்லஸ் கோரிடன் ஹால்ங்கிற வேதியியல் பொறியாளர் சுண்ணாம்புப் பாறையை உருக்கி, ஒழுகுற குழம்பு மேல நீராவியைப் பீச்சியடிச்சார். திருவிழாவில பஞ்சுமிட்டாய் சுத்துறதைப் பார்த்திருப்பீங்களே, கிட்டத்தட்ட அதே வித்தை. சர்க்கரைப் பாகுக்குப் பதிலா கல். வந்தது கல் பஞ்சு. எரியாது, மக்காது.

1932ல கண்ணாடியின் முறை. ஒஹையோ மாநிலத்துல, டேல் கிளைஸ்ட்ங்கிற இளம் ஆராய்ச்சியாளர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்டவைக்க முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தப்போ, அழுத்தக் காத்து பட்டு உருகின கண்ணாடி நூல் நூலாப் பறந்தது. கேம்ஸ் ஸ்லேட்டர் அதைத் தொழில்முறை ஆக்கினார். 1938ல ஓவன்ஸ்-கார்னிங் கம்பெனி. 1950கள்ல அதுக்கு இளஞ்சிவப்புச் சாயம் போட்டதும் பஞ்சுமிட்டாய் உவமை முழுமையாச்சு. சாப்பிட்டுப் பார்த்துடாதீங்க :-)

எவ்வளவு தடுக்கும்? 1945ல பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்துல எவரெட் ஷூமன் ஒரு அளவுகோல் முன்வெச்சார்: ஆர் மதிப்பு. கூடினா தடுப்பு அதிகம். ஒரு இஞ்ச் சாதாரணச் செங்கல் சுமார் 0.2. மூணரை இஞ்ச் கண்ணாடிப் பஞ்சு 11லிருந்து 13. அதாவது ஒரு சாண்கூட இல்லாத பஞ்சு, சுமார் அஞ்சு அடி கனமான செங்கல் சுவருக்குச் சமம்.

இனி பிரச்சினை என்ன? பழைய வீட்டுக்காரர் கேட்பார்: நான் சுவரை இடிக்கணுமா? வேண்டாம். 1930கள்லயே வழி கண்டுபிடிச்சாங்க. வெளிப் பலகையில ஒவ்வொரு சட்ட இடைவெளிக்கும் துளை போட்டு, குழாய் வெச்சுக் கல் பஞ்சை உள்ளே ஊதிட்டு, துளையை மூடிடுவாங்க. 1934ல வந்த தேசிய வீட்டுவசதிச் சட்டத்துல வீட்டைப் புதுப்பிக்கக் கடனும் கிடைச்சது. எல்லாம் சுபம்னு நினைச்சப்போ...

பெயின்ட் உரிஞ்ச மர்மம்

இன்சுலேஷன் போட்ட வீடுகள்ல வெளிப்பக்கப் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக் கிளம்பி உரிய ஆரம்பிச்சது. பெயின்ட்டை மாத்தினாங்க, பெயின்டரை மாத்தினாங்க, நிக்கலை. இன்சுலேஷன் போட்ட வீட்டுக்கு வேலைக்கு வரமாட்டேன்னு சில பெயின்டர்கள் மறுத்தாங்க. இன்சுலேஷன் தண்ணியை இழுக்குதுன்னு அவங்க கட்சி. பெயின்ட் மட்டம்னு இவங்க கட்சி.

ஐஸ் தண்ணி ஊத்தின சொம்பு வெளியே வேர்க்குமே, விடை அங்கேதான். காத்துல இருக்கிற ஈரம், குளிர்ந்த பரப்பு பட்டா தண்ணியா மாறும். பழைய சுவர்ல வெளிப்பலகை வரைக்கும் வீட்டுச் சூடு ஒழுகிக்கிட்டு இருந்ததால பலகை ஓரளவு சூடா இருந்தது. நடுவுல பஞ்சு வெச்சதும் சூடு உள்ளேயே நின்னுடுச்சு. வேலையைச் சரியாத்தான் செஞ்சது! ஆனா வெளிப்பலகை இப்போ ஜில்லுன்னு ஆயிடுச்சு. சமையல், துணி, மனுஷ மூச்சு எல்லாத்தோட ஈரமும் சுவர் இடுக்கு வழியா அங்கே போய் வேர்த்து, மரத்துல ஊறி, வெயில் வந்ததும் பெயின்ட்டைத் தள்ளிக்கிட்டு வெளியே வந்தது. முன்னால இலவசமா நடந்த உலர்த்தல் வேலை நின்னுபோச்சு. நம்ம தொழில்ல இருக்கிறவங்களுக்குப் புரியும். பழைய நிரல்ல எதுக்குன்னே தெரியாத ஒரு வரியை வீண்னு தூக்கினா, வேற எங்கேயோ ஏதோ விழும்.

விஸ்கான்சின் மாநிலம் மேடிசன்ல இருக்கிற வனப்பொருள் ஆய்வகத்துல டீஸ்டேல், மினசோட்டா பல்கலைக்கழகத்துல ராவ்லி, ரெண்டு பேரும் 1930களோட பிற்பாதியில இதை ஆராய்ஞ்சாங்க. தீர்வு: சுவரோட சூடான பக்கத்துல, அதாவது உள்பக்கம், ஈரம் புகாத ஒரு தாளை வை. பரணுக்குக் காத்துப்போக்கு விடு. 1940கள்ல இது அரசுக் கடனுக்கான விதிகள்லயே ஏறிடுச்சு.

குளிர்காலத்துக்கு அந்தப் பதில் சரி. இந்த ஊர்ல கோடையும் இருக்கே! 1950களுக்கு அப்புறம் ஏசி பரவிச்சு. இப்போ ஜூலையில உள்ளே ஜில், வெளியே புழுக்கம். ஈரம் வெளியேயிருந்து உள்ளே வரும். எந்தப் பக்கம் சூடான பக்கம்? ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாறுது. உள்பக்கம் ஒட்டின பிளாஸ்டிக் தாள் இப்போ அந்தச் சொம்பு மாதிரி, பின்பக்கம் வேர்க்கும், காயவும் வழி இருக்காது. இதைச் சரியாப் புரிஞ்சுக்கவே பல பத்து வருஷம் ஆச்சு. இப்போ ஈரம் கூடினா தானே துளை திறக்கிற நைலான் தாள்கள்கூட வந்தாச்சு. ஆனா அறிஞர்கள் கடைசியா வந்து சேர்ந்த இடம் சாதாரணமானது: ஈரத்தை முழுசா அடைக்க நினைக்காதே, ஒரு பக்கமாவது காய வழி விடு. பழைய ஓட்டை வீடு தெரியாமலே செஞ்சுக்கிட்டு இருந்தது அதைத்தான்.

1973: அவசரம்

1973 அக்டோபர்ல அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. பீப்பாய் 3 டாலர் சுமாருக்கு இருந்தது சில மாசத்துல 12 டாலரை நெருங்கிச்சு. 1977 ஜனவரிக் குளிர்ல இயற்கை எரிவாயு தட்டுப்பாடு வந்து, ஒஹையோ மாதிரி மாநிலங்கள்ல பள்ளிக்கூடம், ஃபாக்டரி எல்லாம் மூடினாங்க. பிப்ரவரி 2ஆம் தேதி ஜனாதிபதி கார்ட்டர் கம்பளி ஸ்வெட்டரோட டிவியில வந்து, பகல்ல 18 டிகிரி, ராத்திரி 13 டிகிரி வெச்சுக்கோங்கன்னு கேட்டுக்கிட்டார். 1976லயே ஏழை வீடுகளுக்கு இன்சுலேஷன் போட மத்திய அரசுத் திட்டம் வந்திருந்தது. 1978ல வரிச்சலுகை, 300 டாலர் வரைக்கும்.

பணம் இருக்கிற இடத்துக்குச் சரக்கு வரும். எதுவெல்லாம் வந்தது பாருங்க.

பழைய செய்தித்தாளை அரைச்சு, தீப்பிடிக்காம இருக்க போரிக் அமிலம் கலந்து ஊதுறது ஒண்ணு. (கேரம் போர்டுல தூவுவோமே, அதே போரிக்தான்.) நல்ல சரக்கு, இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு. ஆனா அந்த அவசரத்துல போரிக் சரியாக் கலக்காத சரக்கும் சந்தைக்கு வந்து, 1978ல அதுக்குன்னே அவசரச் சட்டம் போட வேண்டியதாச்சு.

இன்னொண்ணு யூரியா-ஃபார்மால்டிஹைடு நுரை. ஷேவிங் க்ரீம் மாதிரி சுவருக்குள்ள பீச்சினா, நிரம்பி இறுகிடும். பழைய வீட்டுக்கு இதைவிட வசதி உண்டா? கலவை சரியில்லாத இடத்துல ஃபார்மால்டிஹைடு வாயு வீட்டுக்குள்ள வந்து கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை. கனடாவில 1977ல தொடங்கின அரசு உதவித் திட்டத்தை நம்பி இதைப் போட்டுக்கிட்டவங்க ஏராளம். 1980 டிசம்பர்ல அதே அரசு தடை போட்டது. அமெரிக்காவில 1982ல தடை, 1983ல நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து பண்ணிச்சு. எப்படியும் வாங்க ஆள் இல்லாமப் போச்சு. நுரை போட்ட வீட்டுக்காரருக்கு வாயுவோட சேர்த்து, வீட்டை விக்க முடியாத கவலையும்.

லிபி

மூணாவது சரக்கு 1973க்கு ரொம்ப முன்னாலயே வந்தது. வெர்மிகுலைட். அப்ரகம் மாதிரி ஏடு ஏடா இருக்கிற கனிமம். சூடாக்கினா ஏட்டுக்கு நடுவுல இருக்கிற தண்ணி ஆவியாகி, நெல் பொரியிற மாதிரிப் பொரியும். லேசான பொன்னிறப் பொரி. மூட்டையை வாங்கிட்டு வந்து பரண்ல கொட்டி, கட்டையால நிரவிவிட்டாப் போதும், ஆள் வெச்சுச் செய்யவேண்டாம். சோனோலைட்ங்கிற பேர்ல லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போச்சு.

மூட்டை வந்த இடம் மொன்டானா மாநிலத்துல லிபிங்கிற மலையூர். 1919லிருந்து 1990 வரைக்கும் அமெரிக்காவில வித்த வெர்மிகுலைட்ல 70 சதவீதத்துக்கு மேல இங்கேயிருந்துதான். அந்தச் சுரங்கத்துல வெர்மிகுலைட்டோட கூடவே ஆஸ்பெஸ்டாஸ் வகைக் கனிமமும் பின்னிக் கிடந்தது. தொழிலாளிகள் தூசியைச் சட்டையில வீட்டுக்குக் கொண்டுவந்தாங்க. துணி துவைச்ச மனைவிகளுக்கும் மடியில உட்கார்ந்த பிள்ளைகளுக்கும் நுரையீரல் நோய். பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்துல குவிச்சிருந்த பொரிக் குவியல்ல ஊர்ப் பிள்ளைங்க குதிச்சு விளையாடினாங்க. நூத்துக்கணக்கானவங்க செத்துப்போனாங்க.

1963லிருந்து சுரங்கத்தை நடத்தினது டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனி. 1999 நவம்பர்ல சியாட்டில் போஸ்ட்-இன்டெலிஜென்சர் பத்திரிகை எழுதினப்புறம்தான் நாடு திரும்பிப் பார்த்தது. 2001ல கம்பெனி திவால் மனு கொடுத்தது. மத்திய அரசு போட்ட குற்ற வழக்குல 2009 மே மாசம் விடுதலை. அடுத்த மாசமே அந்த ஊர்ல பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிச்சாங்க. அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம் இன்னைக்கும் வீட்டுக்காரங்களுக்குச் சொல்ற அறிவுரை இது: பரண்ல வெர்மிகுலைட் இருந்தா அதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னே வெச்சுக்கோ, கிளறாதே.

எங்கேயோ ஒரு வீட்டுல கரிச்செலவு குறைஞ்சது. அதுக்கான விலையை வேற ஒரு ஊர் கொடுத்தது. அந்த வீட்டுக்காரருக்கு லிபின்னு ஒரு ஊர் இருக்கிறதே தெரிஞ்சிருக்காது.

ஓட்டை எங்கே?

இவ்வளவு சரக்கு கொட்டியும் ஒரு கேள்வி பாக்கி. கணக்குப்படி இவ்வளவு மிச்சமாகணுமே, ஏன் ஆகலை?

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ராபர்ட் சோகோலோ தலைமையில ஒரு குழு 1972லிருந்து நியூ ஜெர்சியில ட்வின் ரிவர்ஸ்ங்கிற குடியிருப்பை வருஷக்கணக்கா அளந்தாங்க. ஒரே மாதிரி கட்டின வீடுகள். ஆனா ஒரு வீடு இன்னொண்ணைப்போல ரெண்டு மடங்கு எரிவாயு எரிச்சது. இன்னொரு புதிர்: பரண்ல இன்சுலேஷன் இருந்தும், அது வழியாப் போற சூடு கணக்குப் போட்டதைவிடப் பல மடங்கு. குழுவில இருந்த கௌதம் தத் உள்ளிட்டவங்க தேடிக் கண்டுபிடிச்சது இதுதான்: புகைபோக்கியைச் சுத்தி, குழாய் போற வழியில, சுவர் உச்சியில இருந்த மறைவான சந்துகள். சூடான காத்து பஞ்சுக்குள்ள புகுந்து போகலை. பஞ்சைச் சுத்திக்கிட்டுப் போயிடுச்சு!

இவை 1970கள்ல கட்டின புது வீடுகள். அப்போ நிலவறையிலிருந்து பரண் வரைக்கும் சுவரே புகைபோக்கியா இருக்கிற நம்ம பலூன் வீட்டை நினைச்சுப் பாருங்க. ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, பட்டனை எல்லாம் திறந்துவிட்டு நிக்கிற கதைதான்.

ஓட்டையை அளக்க ஒரு கருவியும் அந்தக் காலத்துலதான் வந்தது. வாசல் கதவு இடத்துல பெரிய ஃபேனைப் பொருத்தி வீட்டுக் காத்தை வெளியே இழுத்தா, ஓட்டைகள் வழியா வெளிக்காத்து உள்ளே சீறும். எவ்வளவு காத்துன்னு அளந்தா வீடு எவ்வளவு ஓட்டைன்னு எண்ணாவே தெரியும். 1982ல கனடாவின் சஸ்கட்டூன்ல, ஹெரால்ட் ஓர் குழு ஒரு வீட்டோட கூரை ஓரத்தை ரம்பத்தால வெட்டிட்டு, மொத்த வீட்டையும் காத்துப் புகாத தாளால பொட்டலம் கட்டி, அதுக்கு மேல இன்சுலேஷன் வெச்சாங்க. காத்துக் கசிவு சுமார் பத்துல ஒண்ணா குறைஞ்சது.

இதுல பெயின்ட் மர்மத்துக்கும் மிச்ச விடை கிடைச்சது. சுவர் முழுக்க மெல்ல ஊறிப் போற ஈரத்தைவிட, சின்ன ஓட்டை வழியாக் காத்தோட போற ஈரம் பல மடங்கு அதிகம். தாளைவிட முக்கியம் ஓட்டையை அடைக்கிறது.

அதனால இன்னைக்கு விவரம் தெரிஞ்சவங்க பழைய வீட்டுல வேலை செய்யற வரிசையே வேற. முதல்ல கூரை ஒழுக்கு, நிலவறை ஈரத்தைச் சரி பண்ணு. பழைய மின்கம்பியைப் பாரு. 1930கள் வரைக்கும் பீங்கான் குமிழ்ல கட்டி விட்ட கம்பிகள், சுத்தியும் காத்து இருக்கிறதை நம்பித்தான் சூடாகாம இருந்தது. அதைப் பஞ்சுல புதைச்சா ஆபத்துன்னு 1987 மின்விதித் தொகுப்புல தடையே வந்தது. அப்புறம் ஓட்டையை அடை. அடைச்சதும் அடுப்பு, ஹீட்டர் புகை வீட்டுக்குள்ள திரும்புதான்னு சோதி, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். நல்ல காத்துக்கு ஃபேன் வை. பரணுக்கு இன்சுலேஷன் போடு. சுவர் கடைசியில. சுவரை அடைக்கிறதுல தொடங்கின சரித்திரம், நூறு வருஷம் கழிச்சுச் சுவரைக் கடைசியில வெச்சிருக்கு.

1995 ஜூலை

இதுவரைக்கும் குளிரைப் பத்தியே பேசிட்டோம். பதிவேட்டுல இருந்த ரெண்டாவது தேதிக்கு வருவோம். அந்த வாரம் சிகாகோவில வழக்கத்தைவிட 739 பேர் அதிகமா இறந்தாங்க. பெரும்பாலும் முதியவங்க, தனியா இருந்தவங்க, ஏழைங்க. ஏசி கிடையாது, திருட்டு பயத்துல ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தவங்க நிறைய பேர். 1996ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்த ஆய்வு, ஆபத்தைக் கூட்டின காரணங்கள்ல ஒண்ணா இதையும் சொல்லிச்சு: கட்டடத்தோட கடைசி மாடியில குடியிருக்கிறது.

கடைசி மாடின்னா தலைக்கு மேல தார் பூசின கூரை. மொட்டைமாடிக்குக் கீழே மே மாசம் படுத்தவங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. இன்சுலேஷன் மட்டும் இருந்திருந்தா அவங்க பிழைச்சிருப்பாங்கன்னு சொல்லமாட்டேன். தனிமைக்கும் வறுமைக்கும் கண்ணாடிப் பஞ்சுல மருந்து கிடையாது. ஆனா கூரைக்கு அடியில பத்து இஞ்ச் பஞ்சுங்கிறது வெறும் பில் தொகை விவகாரம் இல்லைன்னு அந்த வாரம் காட்டிச்சு. குளிர்காலத்துல ஹீட்டர் பில்லாத் தெரியற அதே ஓட்டை, கோடையில உயிரா வசூல் பண்ணும். பில்லைக் கட்ட முடியாதவங்ககிட்டதான் முதல்ல வசூலிக்கும். 1976ல தொடங்கின அந்த ஏழை வீட்டுத் திட்டம் எவ்வளவு சரியான இடத்துல கை வெச்சதுன்னு இதைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைச்சது.

மொத்தக் கதையையும் திருப்பிப் பார்த்தா, மரத்தூள்லயிருந்து நுரை வரைக்கும் எல்லாருமே கேட்டது ஒரே கேள்வி: எதை வெச்சு அடைக்கலாம்? கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் வேற. இந்த வீட்டுல காத்து எந்த வழியாப் போகுது, ஈரம் எப்படிக் காயுது, இந்த மூட்டை எந்த ஊர்லேர்ந்து வருது. மூணுக்கும் பதில் தெரிஞ்சப்புறம் எதை வெச்சு அடைச்சாலும் பரவாயில்ல. தெரியாம அடைச்சதுக்கெல்லாம் யாரோ ஒருத்தர் விலை கொடுத்திருக்காங்க.

குளிர்ப் பிரதேசத்துல பழைய வீட்டுல குடியிருக்கிற பதிவர்கள் யாராவது உங்க வீட்டுச் சுவருக்குள்ள எட்டிப் பார்த்திருந்தா, என்ன கிடைச்சதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பொன்னிறப் பொரி மாதிரி இருந்தா மட்டும் கிளறாதீங்க.